நான்காவது வகைக்கு ஒரு பெயர்

நாட்டின் அணுகுண்டைச் செய்தவர் அம்பலவாணர். குண்டுக்கும் அவர் பெயர்தான். பிறகு வந்த சிறிய வகைக்கு மகன் தில்லைநாயகத்தின் பெயரும், நீர்மூழ்கியில் வைக்கும் வகைக்கு மகள் மங்கையின் பெயரும் வந்தன. புது வகை ஒன்று தயாரானால் அரசாங்கம் அந்த வீட்டுக்குத்தான் பெயர் கேட்டு வரும்.

இந்த முறை வந்த அதிகாரி, எழுபது வயதான தில்லைநாயகத்தின் முன்னால் வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

“பேத்தி பேரைச் சொல்லுங்கய்யா. கைக்கு அடக்கமான குண்டு. உங்க குடும்பத்துலயே இதுதான் சுட்டி.”

கதவருகே குழந்தையோடு நின்ற மருமகள் இசைவாணி, “இன்னும் பேரே வைக்கலைங்க,” என்றாள்.

“நாலு வயசாச்சேம்மா!”

“நல்ல நாள் அமையலை.”

அதிகாரி சிரித்துக்கொண்டே தில்லைநாயகத்தின் பக்கம் திரும்பினார். அந்தக் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை என்பது ஊரறிந்த விஷயம். குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னவரே தில்லைநாயகம்தான். இசைவாணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கை குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தது.

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“என் பேரையே இன்னொரு தடவை எழுதிக்குங்க,” என்றார்.

தட்டை மட்டும் அவர் தொடவில்லை.