லயம் வளருது

தொழிலாளரின் காம்பரா வீடுகள் வரிசையாக அமைந்த, மண்ணில் புதையும் லயத்தைச் செயற்கைக்கோள் கருவியால் அளக்க வந்த தனேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. பண்டாரவளைப் பக்கத்து தேயிலைத் தோட்டத்தில், லயம் ஒரே வருஷத்தில் அரையடி உயர்ந்திருந்தது!

"புதையுது, புது வீடு வேணும்னு கூப்பாடு போட்டியே கங்காணி! இப்ப லயம் வளருதாமே!"

பங்களா வராந்தாவில், சாய்ந்துபோன மேசைக்காலுக்கு அட்டையை மடித்துச் செருகியபடியே தோட்டத் துரை குலுங்கிச் சிரித்தார்.

கங்காணி முத்துராக்கு தலையைச் சொறிந்தார்.

"எங்கயோ பிழை, சேர்," என்றார் தனேஸ்வரன். "அசையாத இடத்தில ஒரு கருவியை வைச்சு, அதோட ஒப்பிட்டுத்தான் லயத்தை அளக்கிறம்."

"அது எங்க இருக்கு?"

"தோட்டத்திலேயே அசையாத இடம் எண்டு நீங்கள் காட்டின இடத்திலதான்." தனேஸ்வரன் மெல்ல அண்ணாந்தார். "இந்தக் கூரையில."

"அப்ப... எறங்குறது?" என்றார் துரை.

மேசை மறுபடியும் சாய்ந்தது.

"தொரை," என்றார் கங்காணி பணிவாக, "லயத்துல ஒரு காம்பரா காலியாத்தானுங்க இருக்கு."