கேப்ஸ் லாக் விளக்கு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் விரல்களைக் கம்பெனி கண்காணித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் எந்த விசையும் அமுங்காவிட்டால் வேலை போயிற்று. பெனிட்டா அதற்கொரு வழி வைத்திருந்தாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு சின்ன ப்ரோகிராமை ஓடவிடுவாள். அது அவளுக்குப் பதிலாக கேப்ஸ் லாக்கை அமுக்கும். விசைப்பலகையில் அதன் பச்சை விளக்கு சீராக அணைந்து அணைந்து எரியும்.

அன்று மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. வாரியெடுத்துக்கொண்டு ஓடியவளுக்கு ப்ரோகிராம் ஞாபகமே இல்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் விழித்த பிறகுதான் வேலையின் நினைப்பு வந்தது.

பிள்ளையோடு வீடு திரும்பியபோது விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சடசடவென்று சில தடவை, பிறகு தயங்கித் தயங்கி. ப்ரோகிராம் ஓடவில்லை.

பயந்துபோய் ஹெட்போனை மாட்டினாள். மேற்பார்வையாளர் சுயம்புலிங்கம் லைனில் காத்திருந்தார்.

"பிள்ள எப்படி இருக்கு?"

"இப்போ பரவால்ல அண்ணாச்சி. இது நீங்களா?"

"இங்கேருந்தே உன் மெஷின்ல அமுக்கலாம்லா. உன் ப்ரோகிராம் கடிகாரம் கணக்கா அமுக்கும், எனக்கு எப்பவோ தெரியும். இன்னிக்கு அதுவும் இல்ல, நீயும் இல்ல. பிள்ளைக்குத்தான் ஏதோன்னு நெனச்சேன்." லேசாக இருமினார். "விரல் மரத்துப்போச்சு தாயி. இனி நீ பாரு."

பெனிட்டா பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, ப்ரோகிராமைத் தொடாமல், கேப்ஸ் லாக்கைத் தன் விரலாலேயே அமுக்கினாள்.

அந்தப் பக்கம் அமுக்குவது நின்றது.