கம்ப்ளெயிண்ட் கொடுத்த வீடு

"எத்தனை நாளா கூலிங் இல்லை?" மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நாலு நாளா சுமாரா இருந்துச்சு. இன்னிக்குக் காலையிலேர்ந்து சுத்தமா இல்லை."

பதில் சொல்லும்போதுகூட அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஃப்ரீஸருக்குள் ஒரு மாதத்துப் பால் இருந்தது. கடைப் பால் இல்லை. தினமும் விடியலில், குழந்தை பசியாறித் தூங்கிய பிறகு, முதுகு விட்டுப்போக உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சின்னச் சின்னப் பைகளில் சேர்த்த தாய்ப்பால். திங்கட்கிழமை அவளுக்குப் பிரசவ லீவு முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தரமுடியாது என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பவுடர் பால் கொடுத்தால் குழந்தை அத்தனையையும் வாந்தி எடுத்துவிடுகிறது. பைகள் உருகிவிட்டால் ஒன்று அவள் வேலைக்கு முழுக்குப் போட வேண்டும், இல்லை குழந்தை பட்டினி கிடக்க வேண்டும்.

மதியம் தொட்டுப் பார்த்தபோது பைகளின் ஓரம் இளகியிருந்தது. உடனே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், விலாசத்தைக் கேட்டதும் சிரித்தாள். பால் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆளை உடனே அனுப்புகிறேன் என்றாள். சொன்னபடி அனுப்பியும் விட்டாள்.

வந்தவன் முகம்தான் சரியில்லை. பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா, கதவு ரப்பர் ஒட்டுகிறதா, சூடான பாத்திரம் எதையாவது உள்ளே வைத்தீர்களா என்று எல்லா வீட்டிலும் கேட்பதை ஒப்பித்தான். பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கத் தூசியைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"வீட்ல ஆம்பளைங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். வெயில் காலத்துல எல்லா பிரிட்ஜும் இப்படித்தான், நாளைக்குப் பார்க்கலாம்னார். அவரோட நாளைக்கு மட்டும் எந்தக் காலண்டர்லயும் வர்றதில்லை."

"அவருக்கும் வேலை இருக்கும்ல. நாள் பூரா வெயில்ல அலைஞ்சுட்டு வர்ற மனுஷன்..."

"நீங்க பிரிட்ஜ் பார்க்க வந்தீங்களா, அவருக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா?"

மெக்கானிக் தன் டூல்ஸ் பையைத் திறந்தான். உள்ளறையில் குழந்தையை வைத்திருந்த மாமியார் பலமாக இருமுவது கேட்டது.

அவன் குனிந்து கம்ப்ரஸரில் காதை வைத்தான். அது உறுமிப் பார்த்தது, டிக்கென்று அடங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி உறுமி, மறுபடி அடங்கியது. அதற்குள் அவன் போன் இரண்டு முறை அடித்துவிட்டது. அடுத்து ரிப்பேருக்குப் போக வேண்டிய வீட்டுக்காரர். அரை மணியில் வந்துவிடுவதாக அவரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு எழுந்தான். கம்ப்ரஸரைக் கிளப்பி விடுகிற ரிலே போய்விட்டதாம். சின்ன பார்ட்தான், ஆனால் பையில் இல்லையாம்.

"நாளைக்கு எடுத்துட்டு வந்து போட்டுடலாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் வாசல் கதவை மறித்து நின்றாள்.

"கம்ப்ளெயிண்ட்டை முடிக்கணும்னா என் போனுக்கு வந்த நம்பரை நான் சொல்லணுமாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு. பிரிட்ஜ் ஓடாம நான் சொல்ல மாட்டேன். காலையில உங்க மேனேஜர் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க."

அவன் பல்லைக் கடித்தான். பிறகு, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதுபோல் ஃப்ரீஸரைத் திறந்தான். அடுக்கடுக்காகப் பைகள். ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தான். விரல் லேசாக உள்ளே போனது.

"இவ்வளவு சேர்ந்திருக்கா?" குரல் இறங்கியிருந்தது.

"தானா சேரலை. தூங்காம சேர்த்தது." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

மெக்கானிக் ஃப்ரீஸர் கதவை அழுத்தி மூடினான். போனை எடுத்தான். "சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்கு நாளைக்குத்தான் வர முடியும்," என்றான். அவர் கத்தியது அவள் காது வரைக்கும் கேட்டது. அதை முழுசாக வாங்கிக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தான். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியபடியே ரிலேயை மாட்டினான். கம்ப்ரஸர் உறுமியது. இந்தத் தடவை டிக் சத்தம் வரவில்லை.

வேலை முடிந்தும் அவன் கிளம்பவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் நடப்பதும், ஃப்ரீஸரைத் திறக்கப் போவதும், திறந்தால் குளிர் போய்விடும் என்று அவன் தடுப்பதுமாகப் பொழுது சாய்ந்தது. கடைசியில் அவனே திறந்து ஒரு பையை எடுத்துத் தந்தான். ஓரமெல்லாம் கல்லாக இறுகியிருந்தது. காலையிலிருந்து நின்ற காலோடு திரிந்தவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். கேட்காமலே நம்பரைச் சொன்னாள். அவன் தன் போனில் தட்டிவிட்டு, முடிந்தது என்று தலையாட்டினான்.

உள்ளறையிலிருந்து மாமியார் வந்தாள். குழந்தையை மெக்கானிக்கின் மடியில் பொத்தென்று வைத்தாள்.

"பிடிடா உன் பிள்ளையை," என்றவள் மருமகள் பக்கம் திரும்பினாள். "அந்த சர்வீஸ் சென்டர் நம்பரை என் போன்லயும் போட்டுக் கொடும்மா. வாஷிங் மெஷினைப் பாருடான்னு இவன்கிட்ட நானும் ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்."