பிரட் கவர்

“கவர் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டாள் பூங்குழலி.

தங்கதுரை சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பனியன் கம்பெனியில் அவனுக்கு பேக்கிங் வேலை. அங்கே கழித்துப் போடும் கவர்களில் டேப் ஒட்டி, பிரட்டைப் போட்டு ஃப்ரீசரில் வைப்பாள். ஒரு வாரமானாலும் கெடாது.

“வேலை சாஸ்திங்களா?”

“ஷிப்மென்ட் அவசரம். நிமிரக்கூட நேரமில்ல.”

அவள் கவரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிரட்டைப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்தாள்.

“டேப் ஒட்டலையா?”

“எதுக்குங்க? கம்பெனிக் கவர்ல காத்துப் போக ஓட்டை இருக்கும். அதை அடைக்கத்தான் டேப்பு. இதுல ஓட்டையே இல்லீங்களே. கடையில வாங்குனீங்களா?”

தங்கதுரை தலைகுனிந்தான்.

“ஆர்டர் இல்லைன்னு போன வாரமே எங்களை நிப்பாட்டிட்டாங்க, பூங்குழலி.”

அவள் ஃப்ரீசரில் வைக்கப்போன பிரட்டைக் கவரிலிருந்து வெளியே எடுத்து, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

“வெயில்ல எங்கெங்க சுத்துனீங்களோ. சூடா சாப்பிட்டுப் படுங்க. நாளைக்கு உங்களை நான் எழுப்ப மாட்டேன்.”