கிணற்றில் வந்த நிறம்

"அவங்க கக்கூஸ் குழியில சாயத்தைப் போடுங்க சார். யார் வீட்டு அழுக்கு என் பிள்ளையைக் கொன்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

சொன்னவள் இளையவள். அவள் கை காட்டியது பக்கத்து வீட்டை, ஓரகத்தி வீட்டை. அண்ணன் தம்பி வீடு இரண்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அவளுடைய நாலு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றே நாள்தான். பிள்ளை போய்விட்டாள். அன்றிலிருந்து ஓரகத்தியோடு முகம் கொடுத்துப் பேச்சில்லை.

தண்ணீர் பரிசோதிக்க வந்தவரைச் சாயக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். குழியில் போட்டது கிணற்றுக்கு எப்படி வரும், யார் கலக்கி விடுவார்கள் என்று அவரிடம் கேட்டாள்.

"யாரும் கலக்க வேணாம்மா. டம்ளர் தண்ணியில சர்க்கரையைப் போட்டு அப்படியே வெச்சாலும், நேரம் போகப் போக மேல் தண்ணியும் இனிக்குமில்ல? அதுவும் மண்ணுக்குள்ள ஊறுற தண்ணி, கரைஞ்சதை எல்லாம் இழுத்துக்கிட்டே வரும்."

தங்கள் குழி போன வருஷம் கட்டினது, பிள்ளை இருட்டில் தூரம் போகக்கூடாது என்று தானே அடம்பிடித்து வீட்டை ஒட்டித் தோண்ட வைத்தது என்றாள். ஓரகத்தி வீட்டுக் குழிதான் ஆதி காலத்தது.

அவர் அந்த வீட்டுக்குப் போனார். மூத்தவள் சாய வாளியை ஒரு கை பிடித்துக் குழிவரைக்கும் வந்தாள். செத்துப்போன பிள்ளை பாதி நாள் தூங்கியது இந்தப் பெரியம்மா மடியில்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாரும் இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கிணற்றிலிருந்து வாளி பச்சையாக மேலே வந்தது.

இளையவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். சாயக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூத்தவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க குழிதாம்மா. இந்தப் பாவிதான் கவனிக்காம விட்டுட்டேன்."

இளையவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். நீ நல்லா இருப்பியா என்று மண்ணை வாரித் தூற்றினாள். கடைசியில் தலையிலடித்துக்கொண்டு, இத்தனை நாள் வராத அழுகையெல்லாம் அழுதாள். மூத்தவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையை முன்னால் கொண்டுவரவில்லை.

இளையவளை உள்ளே அழைத்துப் போனபிறகு, சாயக்காரர் அறிக்கை எழுதப் பேனாவை எடுத்தார். மூத்தவள் மெல்லச் சொன்னாள்.

"ரெண்டு குழியையும் மூடணும்னு எழுதுங்க சார். எதுலேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

சுற்றியுள்ள எந்தக் குழியையும் விடாமல், குழிக்கு ஒரு நிறம் போடுவதுதான் அவர் வேலையின் முறை. எந்தக் குழியில் எந்த நிறம் என்று வீட்டுக்காரர்களிடம் அவர் சொல்வதில்லை. ஆனால் வாளியைப் பிடித்தவளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

மூத்தவள் இப்போதுதான் கையை முன்னால் கொண்டுவந்து கண்ணைத் துடைத்தாள். மூன்று நாள் தேய்த்துக் கழுவியும் போகாமல், விரல்களில் ஒட்டியிருந்த சாயம் சிவப்பு.