பனிக்குள் கேட்ட குரல்

அந்த ஏரியில் விடிகாலைப் பனி இறங்கிவிட்டால் யார் முகமும் தெரியாது, குரல்கள் மட்டும் மிதந்து வரும். யாராவது சொன்னது பிடித்திருந்தால், கேட்டவர்கள் தண்ணீரில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அல்லி இலைத் தவளைக்கு அந்தத் தட்டுகள் என்றால் உயிர்.

ஒருநாள் பனிக்குள்ளிருந்து ஒரு புதுக் குரல், "கரை எந்தப் பக்கம்?" என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.

"கரை தெரியாத மகராசனுக்குத் தண்ணியில என்ன வேலை? மூழ்கிப் பாரு, தரை வரும்," என்றது தவளை.

ஏரி முழுக்கத் தட்டுச் சத்தம். "அசத்திட்டீங்க மாமா," என்றது ஒரு விரால். தவளை பூரித்துப்போனது. புதுக் குரல் அப்புறம் எழவில்லை.

பனி மெல்ல விலகியது. முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு நாளான வாத்துக்குஞ்சு ஒன்று, தண்ணீரை உள்ளிழுக்கும் மதகை நோக்கித் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அங்க போகாத கண்ணு, கரை இந்தப் பக்கம்," என்று தவளை கத்தியது.

பனிக்குள் தன்னைக் கேலி செய்த குரல் அதுதான் என்று குஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் மதகுப் பக்கமே வேகமாக நீந்தியது.

தவளை வாயை மூடிக்கொண்டது. சத்தமில்லாமல் சுற்றிப் போய்க் குஞ்சை மறித்து, கரையைப் பார்த்து மெதுவாக முன்னே நீந்தியது. குஞ்சு பின்னாலேயே வந்தது.

கரையேறியதும் குஞ்சு கிசுகிசுத்தது: "நீங்க ரொம்ப நல்லவங்க. இந்த ஏரியில ஒருத்தர் இருக்காரு. அவர் குரல் கேட்டா நீங்களும் ஒளிஞ்சுக்கங்க."

தவளை தலையை மட்டும் ஆட்டியது.