குறட்டை

மதிய வெயில் ஜன்னல் திரையைத் தாண்டிக் கட்டில் கால்வரை வந்து நிற்கிறது. மேஜைமேல் திறக்காத மருந்துப் புட்டி மினுங்குகிறது. வாரத்தில் ஒரு மதியமாவது மனைவி வெளியே போய்வரட்டும் என்று, நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் நர்ஸ் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மனைவியோ கைப்பையை மாட்டிக்கொண்டும் கிளம்புகிற பாடில்லை. "தண்ணி ஸ்பூன்லதான் குடுக்கணும். முழிக்கட்டுமே, சொல்லிட்டே போறேன்." "நல்லா அசந்து தூங்குறாருக்கா, நீங்க கிளம்புங்க" என்கிறாள் நர்ஸ். கட்டிலில் கிடப்பவர் வாயைப் பிளந்து, ஊரையே எழுப்புகிற மாதிரி குறட்டை விடுகிறார். அவர் கை சுவர்ப்பக்கத்துக் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருப்பது நாற்காலியிலிருந்து தெரிகிறது, வாசலிலிருந்து தெரியாது. மனைவி அரைமனதாக வெளியேற, கதவு சாத்திக்கொள்கிறது. குறட்டை நிற்கிறது. ஒரு கண் மட்டும் திறக்கிறது. "போயிட்டாளா?" நர்ஸ் காதைத் தீட்டிக்கொள்கிறாள். "இல்லண்ணா, வெளியதான் நிக்கறாங்க. செருப்புச் சத்தம் கேக்கல." கண் மூடுகிறது, குறட்டை முன்னைவிடப் பலமாகக் கிளம்புகிறது. ஒருவழியாக, செருப்புச் சத்தம் படிகளில் இறங்குகிறது. கீழே இரும்பு கேட் கிறீச்சிட்டு அடங்குகிறது. அதற்குப் பிறகுதான் அவர் சட்டத்தை விடுகிறார். விரல்கள் உடனே நிமிரவில்லை. "மருந்தக் குடும்மா" என்கிறார். "காலையிலேருந்து வலி தாங்க முடியல."